கும்பகோணத்து எழுத்துக்காரர்களுக்கு ஓர் ஆங்கில வாத்தியாரின் மடல்

மதிப்பிற்குரிய கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி, எம்.வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன் ஆகிய பெரியவர்களுக்கும், உங்களுக்குப் பின்னால் காவிரிக் கரையில் எழுத வந்தவர்களுக்கும்,



உங்கள் ஐந்து பேரில் ஒருவரையும் நான் நேரில் பார்த்தவனில்லை. தஞ்சாவூர் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் நடத்திவிட்டு இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவன். ஹெமிங்வேயையும் வர்ஜீனியா வுல்ஃபையும் நடத்துவதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பாதிப் பாடத்தை நடத்திக் கொடுத்தவர்கள் நீங்கள். அதை ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம், அய்யம்பேட்டை என்று பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பலர் வீட்டில் முதல் பட்டதாரி. எழுத்து நடை பற்றி அவர்கள் கையில் இருக்கும் நோட்ஸ், ஆளுக்கு ஒரு வரியில் சங்கதியை முடித்து வைத்திருக்கும். ஹெமிங்வே என்றால் சின்ன வாக்கியம். ஃபாக்னர் என்றால் நீள வாக்கியம். வுல்ஃப் என்றால் நனவோடை. வுட்ஹவுஸ் என்றால் நகைச்சுவை. ஐந்து மார்க் கேள்விக்கு இது போதும், மார்க்கும் விழும். ஆனால் பெயரை மறைத்து இரண்டு பக்கங்களைக் கொடுத்து, எது யார் எழுதியது என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள்.

அது அவர்கள் குற்றமில்லை. ஒருவர் நடை தனியாகக் காதில் விழ வேண்டுமானால், மற்றவர்கள் சாதாரணமாக எப்படிப் பேசுவார்கள் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் அந்தச் சாதாரணம் கிடையாது. அவர்கள் கண்ட ஆங்கிலம் ரென் அண்ட் மார்ட்டினும் லீவ் லெட்டரும்தான். தமிழ் அப்படியில்லை. அத்தை எந்த இடத்தில் குத்திப் பேசுகிறாள், சித்தப்பா ஏன் சொல்ல வந்ததை விழுங்குகிறார், கல்யாணப் பந்தியில் யார் குரலில் வயிற்றெரிச்சல் இருக்கிறது எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. எனவே ஆங்கிலத்து நடையைக் காட்டுவதற்கு முன்னால் தமிழில் ஒரு நடையைக் கேட்க வைப்பது என்று ஆரம்பித்தேன். அங்கேதான் நீங்கள் வந்து நின்றீர்கள்.

கு.ப.ரா. அவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. ஹெமிங்வே 1932-இல் ஒரு புத்தகத்தில் பனிப்பாறைக் கணக்குச் சொன்னார். கடலில் மிதக்கும் பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் வெளியே தெரியும், கதையும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பனிப்பாறையை எங்கள் பிள்ளைகள் சினிமாவில் பார்த்ததோடு சரி. அவர் 1927-இல் எழுதிய ஒரு கதையில் ஸ்பெயின் நாட்டு ரயில் நிலையம் ஒன்றில் ஓர் ஆணும் பெண்ணும் மாட்ரிட் வண்டிக்காகக் காத்திருப்பார்கள். பீர் குடிப்பார்கள், எதிரே தெரியும் குன்றுகளைப் பற்றிப் பேசுவார்கள். அவள் வயிற்றில் இருக்கும் கருவைக் கலைப்பதா வேண்டாமா என்பதுதான் விஷயம். கருக்கலைப்பு என்ற சொல்லே கதையில் வராது. இந்தக் கதையை முதலில் கொடுத்தால், 'என்ன சார், ஒண்ணுமே நடக்கலியே' என்பார்கள்.

அதனால் உங்கள் 'விடியுமா?' கதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் ரயில்தான். புருஷன் சென்னை ஆஸ்பத்திரியில் ஆபத்தான நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. அக்காளும் தம்பியும் கும்பகோணத்தில் ராத்திரி வண்டி ஏறுகிறார்கள். விடிகிற நேரத்துக்குப் பட்டணம். இடையில் என்ன நடக்கிறது என்று கேட்டால், வண்டி ஓடுகிறது, அவ்வளவுதான். இரண்டு பேர் நெஞ்சிலும் ஒரே பயம். அதை ஒருவர் மற்றவரிடம் வைத்துவிடாமல் இரவு முழுவதையும் தள்ளிக்கொண்டு போகிறார்கள். படித்து முடித்ததும் பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "எங்க வீட்ல சாவு விழுந்தப்பவும் இப்படித்தான் சார். வண்டியில போறப்போ எல்லாரும் வேற ஏதோ பேசிக்கிட்டே போனோம்." அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இல்லை. அடுத்த வாரம் ஸ்பெயின் நாட்டு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். அந்த இருவரும் குன்றுகளைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

நீங்கள் ஏன் அப்படிச் சுருக்கமாக எழுதினீர்கள் என்று பலர் பல காரணம் சொல்கிறார்கள். கண்ணில் புரை விழுந்து, அரசாங்க வேலையையும் விட்டுவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை சேது அம்மாள் எழுதிய காலம் ஒன்று உண்டு. வாயால் சொல்லி எழுதியதால்தான் வாக்கியம் சின்னதாகிவிட்டது என்று ஒரு நண்பர் வாதாடினார். நான் மில்டனைக் காட்டினேன். அவரும் கண் தெரியாமல், வாயால் சொல்லித்தான் காவியம் எழுதினார். அவர் வாக்கியங்களில் எழுவாயைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டால் பயனிலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பக்கம் ஓடியிருக்கும். உடம்புக்கு வந்த கஷ்டம் நடையைத் தீர்மானிப்பதில்லை. எதைச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை என்பது தீர்மானித்தது. 'ஆற்றாமை' கதையிலே, பக்கத்து அறைத் தம்பதியின் சந்தோஷம் பொறுக்காத ஒரு பெண் செய்யும் சின்னக் காரியத்தைச் சொல்கிறீர்கள். அவளைத் திட்டி ஒரு வரி கிடையாது, அவளுக்குப் பரிந்து ஒரு வரி கிடையாது. அந்த இரண்டு வரிகளை எழுதாமல் விட்டதுதான் கதை. இந்தத் துணிச்சல் இன்றைக்கும் எங்களில் பலருக்கு வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டு மேலே போகிறேன். உங்களைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் எல்லாம் 'மண்வாசனை' என்று ஒரு வார்த்தையை எடுத்து விடுகிறார்கள். காவிரித் தண்ணீர் குடித்தால் நடை தானாக வந்துவிடும் என்பது போலப் பேச்சு. வெற்றிலை, வண்டல், வெண்கலப் பானை, டிகிரி காப்பி என்று அடுக்கிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நீங்கள் ஐவரும் அதே நாலைந்து தாலுக்காக்காரர்கள், குடித்தது அதே தண்ணீர், நடந்தது அதே டபீர் தெரு, மகாமகக் குளக்கரை வகையறா. மண்தான் எழுதுகிறது என்றால் ஐந்து பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டாமா?

மௌனி அவர்களைப் பார்த்தால் போதும். செம்மங்குடியில் பிறந்து, கணிதம் படித்து, நிலபுலன்களையும் சிதம்பரத்தில் ரைஸ் மில்லையும் கவனித்துக்கொண்டிருந்தவர். அவர் கதைகளில் நெல்லின் வாடை வருகிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். இருள், கோயில் பிராகாரம், யாரோ பாடும் குரல், எதையோ நினைத்து நின்றுவிட்ட ஓர் ஆள். 1936 வாக்கில் மணிக்கொடி இதழில் தொடங்கி, வாழ்நாள் முழுக்க எழுதியவை இருபத்துச் சொச்சம் கதைகள். மௌனி அவர்களே, புதுமைப்பித்தன் உங்களைச் சிறுகதையின் திருமூலர் என்றார். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு பயமுறுத்தியே உங்களைப் படிக்கவிடாமல் செய்துவிட்டார்கள் என்பது என் மனத்தாங்கல்.

உங்களை நான் ஃபாக்னருக்கு முன்னால் கொடுப்பேன். ஃபாக்னர் 1936-இல் வெளியிட்ட நாவலில் ஒரே ஒரு வாக்கியம் ஆயிரத்து இருநூறு சொற்களுக்கு மேல் ஓடுகிறது. பிள்ளைகள் நீளத்தைப் பார்த்து மலைப்பார்கள். நீளம் அங்கே முக்கியமில்லை. ஒரு நினைப்பு முடிவதற்குள் அதை மறுக்கும் இன்னொரு நினைப்பு உள்ளே புகுந்துவிடுகிறது, அதற்கும் இடம் விட வேண்டியிருக்கிறது. அதனால் முற்றுப்புள்ளி தள்ளிப் போகிறது. இதைத் தமிழில் கேட்க உங்கள் 'அழியாச்சுடர்' இருக்கிறது. தமிழ் இலக்கணப்படி முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் உங்கள் வாக்கியம் திரும்பிக்கொள்ளும். வேண்டுமென்றே செய்த திருப்பம் எது, கை தவறிய திருப்பம் எது என்று இன்றும் எனக்குச் சில இடங்களில் சந்தேகம் உண்டு. பெரியவர் மன்னிக்க வேண்டும், சில வாக்கியங்கள் வெறுமனே சரியில்லை. ஆனால் சரியில்லாத அந்த வாக்கியத்தையும் பார்த்த மாத்திரத்தில் 'இது மௌனி' என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு தகுதியைப் பெற முடியாமல் நல்ல தமிழ் எழுதிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

பிச்சமூர்த்தி அவர்களுக்கு ஒரு சின்ன நன்றிதான், ஆனால் அழுத்தமான நன்றி. வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டு, வால்ட் விட்மனின் 'புல்லின் இதழ்க'ளைப் படித்துவிட்டு, யாப்பை இறக்கி வைத்த கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தீர்கள். கடன் வாங்கியதை மறைக்கவுமில்லை. நான் வியப்பது, எதை வாங்காமல் விட்டீர்கள் என்பதைத்தான். விட்மன் மலை மேல் ஏறி நின்று கூவுகிறவர், அமெரிக்கா முழுவதையும் பட்டியல் போடுகிறவர். நீங்கள் அவரிடம் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு சத்தத்தை அங்கேயே விட்டுவிட்டீர்கள். ஓர் ஆங்கில நடை இன்னொரு மொழிக்குள் எப்படி மரியாதையாக வந்து சேர வேண்டும் என்று கேட்கிற மாணவருக்கு நான் காட்டும் ஆள் நீங்கள்.

எம்.வி.வி. சார், உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் அதிகம்.

ஈவ்லின் வா என்ற ஆங்கில நாவலாசிரியர் 1954-இல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். தூக்கத்துக்காகச் சாப்பிட்டுவந்த மருந்துகள் முறைதவறிப்போய், கப்பலில் அவருக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. யார் யாரோ அவரைத் திட்டினார்கள், சதி செய்தார்கள். மருந்தை நிறுத்தியதும் தெளிந்தது. மூன்று வருஷம் கழித்து அதையே ஒரு நாவலாக்கினார். அருமையான நாவல். சலவை மடிப்புக் கலையாத வாக்கியங்கள். தனக்குப் பைத்தியம் பிடித்த கதையை ஒரு கனவான் தன் கிளப்பில் உட்கார்ந்து நண்பர்களுக்குச் சொல்வது போலச் சொல்லியிருப்பார். சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

உங்களுக்குக் குரல்கள் கேட்டது கப்பலில் ஒரு சில நாட்கள் இல்லை. பல ஆண்டுகள். கும்பகோணத்தில், சௌராஷ்டிரக் குடும்பத்தில், பட்டும் ஜரிகையுமான வியாபாரம் நொடித்து, பிழைப்புக்காகப் பதிப்பகத்துக்குச் சின்னச் சின்ன வாழ்க்கை வரலாறுகளை எழுதிக் கொடுத்துக்கொண்டு, வீட்டில் அரிசிக்கு வழி பார்த்துக்கொண்டு, அந்தக் காதுகளோடு. அதைத்தான் 'காதுக'ளில் மகாலிங்கத்துக்குக் கொடுத்தீர்கள். 1993-இல் சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது.

அந்த நாவலில் என்னை அசர வைப்பது குரல்களின் பயங்கரம் இல்லை. அவை பேசும் ஆபாசத்தையும் மிரட்டலையும் எழுதுகிற அதே கையால், அதே தொனியில், வீட்டு வாடகையையும் கடன்காரன் வருகையையும் எழுதியிருக்கிறீர்கள். குரல் ஏறவில்லை. இரக்கம் கேட்கவில்லை. சொற்கள் அகராதியைத் தொட வேண்டாத அளவுக்கு எளிமை. வா தன் நோயிலிருந்து விலகி நின்று எழுதினார், அதனால் அவரால் விகடம் பண்ண முடிந்தது. உங்களுக்கு விலகி நிற்க இடமே இல்லை. அந்த நிலையில் ஒருவர் அலங்காரமாக எழுதினால் பொய்யாகிவிடும், அலறினால் வாசகன் ஓடிவிடுவான். நீங்கள் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதினீர்கள். எளிய நடை என்றால் எளிதான நடை என்று நினைக்கும் ஒவ்வொரு மாணவரையும் நான் அந்த நாவலின் நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். வெளியே வரும்போது முகம் மாறித்தான் வருவார்கள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் உங்கள் கஷ்டத்தை எழுதுகிற அளவுக்கு உங்கள் வாக்கியத்தை எழுதுவதில்லை. 'வேள்வித் தீ'யில் தறிக்குப் பின்னால் நடக்கும் வாழ்க்கையை உள்ளேயிருந்து சொன்னவர் நீங்கள். அது போதாதென்று உங்களை ஒரு பாவப்பட்ட மனிதராகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். நீங்கள் கேட்டது அதுவாக இருக்காது.

தி.ஜா. அவர்களுக்கு நன்றி சொல்ல ஆள் தேவையில்லை. ஊரே சொல்கிறது. 'மோகமுள்' படித்துவிட்டு வேலை மெனக்கெட்டு வந்து கதையில் வரும் தெருக்களையும் காவிரித் துறையையும் தேடுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். அதனால் உங்களிடம் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நன்றி.

'பாயசம்' கதையில் சாமநாது என்று ஒரு கிழவர். அண்ணன் பிள்ளை சுப்பராயன் தலையெடுத்துவிட்டான், ஊர் மதிக்கிறது, அவன் வீட்டில் கல்யாணம். கிழவருக்குத் தாங்கவில்லை. கல்யாணப் பந்திக்குக் காய்ச்சிய அண்டாப் பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, பெருச்சாளி விழுந்து கிடந்ததாகச் சொல்கிறார். கதையில் பொறாமை என்கிற குணத்தைப் பற்றி ஆசிரியர் பேசவே இல்லை. பேச்சு எல்லாம் கிழவருடையது, செத்துப்போன மனைவியோடு மனசுக்குள் பேசுவதும் சேர்த்து. அந்தப் பேச்சில் எங்கே வாக்கியம் பாதியில் நிற்கிறது, எங்கே கேட்காத கேள்விக்குப் பதில் வருகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்வேன். ஒரு பக்கத்துக்குள் பிள்ளைகள் கிழவரின் மனசுக்கு வரைபடமே போட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டினை நடத்தும்போது, வாய்ப்பேச்சுக்குள் எப்படி விஷம் வைக்கலாம் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஐயா, உங்களால் ஒரு தொந்தரவும் உண்டு. உங்களைப் படித்துவிட்டு எழுத வருகிறவர்கள் உங்கள் காதை விட்டுவிட்டு உங்கள் 'ன்னா', 'பாத்தேளா'வை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உங்களுடைய ரகசியம் உச்சரிப்பில் இல்லை. யார் எப்போது பேச்சை நிறுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததுதான் ரகசியம். சங்கீதம் கற்றவருக்கு எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

குருவைப் பின்பற்றுவது என்றால் என்ன என்று கரிச்சான் குஞ்சுவைக் கேட்க வேண்டும். கு.ப.ரா. 'கரிச்சான்' என்ற பெயரில் எழுதினார் என்பதற்காகத் தன் பெயரையே கரிச்சான் குஞ்சு என்று வைத்துக்கொண்ட மன்னார்குடித் தமிழாசிரியர். பெயரில் அவ்வளவு பணிவு. 'பசித்த மானிட'த்தைத் திறந்தால் குருவின் அடக்கம் எங்கேயும் இல்லை. குஷ்டத்தையும் காமத்தையும் பசியையும் போட்டு உடைத்துப் பேசுகிறார். கு.ப.ரா. உயிரோடு இருந்திருந்தால் சற்று நெளிந்திருப்பார் என்று நினைக்கிறேன். சந்தோஷமும் பட்டிருப்பார்.

திருவிடைமருதூர்க்காரர் தேவனையும் இங்கே சேர்த்துவிட வேண்டும். வுட்ஹவுஸை நடத்துவதற்கு முன்னால் 'துப்பறியும் சாம்பு'. அசட்டுத்தனத்தை எவ்வளவு மரியாதையான மொழியில் சொல்கிறோமோ அவ்வளவு சிரிப்பு வரும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். இலக்கியக்காரர்கள் அவரைக் கீழே வைத்துப் பேசும்போது எனக்குக் கோபம் வரும்.

நேரடியாக ஆங்கிலத்திலேயே பேர் எடுத்தவர் நம் பக்கத்தில் ஒருவர் உண்டு. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1869-இல் பிறந்து, கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படித்து, வாத்தியாராக இருந்து, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைவராகி, வெள்ளி நாவினர் என்று வெள்ளைக்காரனே சொல்லும்படி பேசியவர். (அதே கும்பகோணத்தில், அரசினர் கல்லூரியில், ஆங்கிலக் கட்டுரையில் தேறாமல் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர் கணிதமேதை ராமானுஜன். ஊருக்கு இரண்டுமே பெருமைதான்.) சாஸ்திரியாரின் மேடைப் பேச்சைவிட எனக்குப் பிடித்தது அவர் செய்த மறைவான காரியம். காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் குஜராத்தியிலிருந்து ஆங்கிலமாக்கினார். அதன் திருத்திய பதிப்பு 1940-இல் வந்தபோது, ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன மதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் மொழியைச் செப்பனிட்டுக் கொடுத்தார் என்றும், தன் பெயரை வெளியிடக் கூடாது என்பது அவர் நிபந்தனை என்றும் முன்னுரையில் தேசாய் எழுதினார். அந்த நண்பர் சாஸ்திரியார். உலகம் முழுக்க இன்று படிக்கும் அந்த ஆங்கிலத்தில் வலங்கைமான்காரர் கை இருக்கிறது. அதில் சாஸ்திரியாரின் நீண்ட, அடுக்கடுக்கான வாக்கியம் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. காந்தியின் மொழியாகவே விட்டிருக்கிறார். தன் நடை எது என்று நன்றாகத் தெரிந்தவரால்தான் அதை அடுத்தவர் பக்கத்தில் நுழையவிடாமல் காக்க முடியும். வலங்கைமான் பஸ்ஸில் வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி, உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு. இதைச் சொல்லும்போது முன்னவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். பெரியவர்களே, உங்கள் கதைகளில் வயல் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. நாற்றுப் பறித்தவர்களும் நட்டவர்களும் கொல்லைப்பக்கம் வந்து நின்று, ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளுமே அதிகம், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதைப் பற்றி மூன்று நாவல்களை ஒரே பருவத்தில் அடுத்தடுத்து நடத்தினேன். நடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் உருப்படியானது அந்த மூன்றையும் சேர்த்துப் படித்ததில்தான் வந்தது.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975-இல் வந்தது. கும்பகோணத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் தி.ஜா.விடம் படித்தவர், டெல்லியில் பேராசிரியராக இருந்தவர். டெல்லியிலிருந்து கிராமத்துக்கு வந்த படித்த மனிதன் வழியாகப் பார்க்கிறார், பண்ணையாரின் மனசுக்குள் போய் வக்கிரத்தின் வேரைத் தேடுகிறார். உரையாடல் சுருக்கமும் கூர்மையும் கொண்டது, விவாத மேடை போல. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' 1999-இல் வந்தது. அதில் வெளியூர்க் கண் கிடையாது. கீழத்தஞ்சை விவசாயக் கூலிகளின் பேச்சு, சடங்கு, சாப்பாடு, சண்டை எல்லாம் அவர்கள் வாய்மொழியிலேயே ஓடுகின்றன. கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கே சில சொற்கள் புதிது, நாகப்பட்டினத்திலிருந்து வந்த மாணவர் எழுந்து விளக்கினார். அன்றைக்கு வாத்தியார் அவர்தான்.

மூன்றாவது, மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2014-இல் வெளியிட்ட நாவல். 'குறத்தியம்மன்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. அவர் கதையை எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. இதை எப்படி நாவலாக எழுதுவது, எழுதலாமா, நீ எதற்காகப் படிக்கிறாய் என்று வாசகனோடு வம்புக்கு நிற்கிறார். மனு, துண்டுப் பிரசுரம், வாக்குமூலம் என்று வடிவம் மாறிக்கொண்டே போகிறது. அந்த இரவுக்கு வரும்போது முற்றுப்புள்ளி வைக்காமல் ஓட விடுகிறார். வாசகன் மூச்சு விட இடம் கேட்கிறான், கிடைப்பதில்லை. சில இடங்களில் அவருடைய கெட்டிக்காரத்தனம் எனக்கு அலுப்புத் தட்டியது உண்மை. அந்த நீண்ட வாக்கியத்தில் மட்டும் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஃபாக்னர் வாக்கியத்தை நீட்டியது நினைவு அடங்காததால். இங்கே நீண்டது, எரிந்துகொண்டிருந்த குடிசைக்கு வெளியே ஒருவரும் 'போதும்' என்று சொல்லாததால்.

அந்த இரவுக்கு ஒருவர் விவாதத்தையும், ஒருவர் ஊர்ப்பேச்சையும், ஒருவர் உடைந்த வடிவத்தையும் கருவியாக எடுத்தார்கள். எது சரி என்று வகுப்பில் சண்டை வந்தது. பெரும்பாலோர் 'செந்நெல்' கட்சி. நான் சற்றுத் தயங்கி மூன்றாவதன் பக்கம் கை தூக்கினேன். தஞ்சை ப்ரகாஷின் 'கரமுண்டார் வூடு', சி.எம். முத்துவின் நாவல்கள் என்று இந்தப் பேச்சுமொழிப் பாதையில் இன்னும் எத்தனையோ பேருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மடல் நீண்டுவிட்டது, தனித்தனியாகச் சொல்லாததற்கு அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி ஒன்றுக்காகத்தான். ஒருவர் மாதிரி ஒருவர் எழுதாமல் இருந்தீர்கள். சிநேகிதர்களாக இருந்தீர்கள், ஒரே பத்திரிகைகளில் எழுதினீர்கள், ஒருவர் கைப்பிரதியை ஒருவர் படித்தீர்கள், அப்படியும்.

கடைசியாக, தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் இருக்கும் என் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெமிங்வே பாடத்துக்கு முந்தின வகுப்பில் 'விடியுமா?' கதையைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ்த் துறையின் எல்லைக்குள் புகுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள், நினைத்தால் அவர்களையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். கு.ப.ரா. காலமானது 1944-இல். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். ஆகவே அந்தக் கதையை அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகனான
ஓர் ஆங்கில ஆசிரியன்,
தஞ்சாவூர்